அஞ்சு நாள் பாலமும் அஞ்சு நாள் கேம்ப்பும்

மதராஸ் எழும்பூர் ஸ்டேஷனில் காசை நீட்டி, "கொழும்பு கோட்டைக்கு ஒண்ணு குடுங்க" என்று கேட்டால், டிக்கெட் கொடுக்கிறவர் உங்களை ஏற இறங்கப் பார்க்கமாட்டார். கொடுத்துவிடுவார். வெள்ளைக்காரன் காலத்துச் சமாசாரம் இது. ஒரே டிக்கெட். அதை வைத்துக்கொண்டு மீட்டர் கேஜ் ரயிலில் தனுஷ்கோடி வரை போகலாம். அங்கே கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கலாம். அப்புறம் சிலோன் சர்க்கார் ரயிலைப் பிடித்துக் கொழும்பு போய்ச் சேரலாம். காகிதத்தில் அதற்கு இந்தோ–சிலோன் எக்ஸ்பிரஸ் என்று பெயர். ஜனங்கள் வாயில் போட் மெயில். இன்றைக்கு அதே கவுண்ட்டரில் கொழும்புக்கு டிக்கெட் கேட்டால், "சென்ட்ரல்ல போய்க் கேளுங்க" என்பார்கள்.

நடுவில் கடல் கிடக்கிறதே, அதுதான் பெரிய கஷ்டமாக இருந்திருக்கும் என்று நாம் நினைக்கிறோம். அபாண்டம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் 22 மைல்தான். இரண்டு மணி நேரம் சொச்சத்தில் கப்பல் கடந்துவிடும். கடல் தன் பாட்டுக்குக் கிடந்தது. தொல்லை எல்லாம் கரையில், மேசைக்குப் பின்னால், மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

இந்த விஷயத்தில் ராமாயணம் நம்மை முன்கூட்டியே எச்சரித்திருக்கிறது. நாம்தான் அதைப் பக்தியோடு படித்துக் கோட்டைவிட்டோம். அக்கரைக்குப் போன முதல் பயணி அனுமன். கடலைத் தாண்டியது அவருக்குப் பெரிய காரியமில்லை. ஆனால் இலங்கை வாசலில் இலங்கிணி வழிமறித்து, யார் நீ, எங்கே வந்தாய், எதற்கு வந்தாய் என்று குடைந்தாள் பாருங்கள், அங்கேதான் நேரம் ஆயிற்று. குடிவரவு இலாகா அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிட்டது. பிறகு நளன் வந்தான். வால்மீகி கணக்குப்படி நூறு யோசனை நீளப் பாலம், ஐந்தே நாளில். டெண்டர் இல்லை, கேஜ் தகராறு இல்லை, சுங்கச் சாவடி இல்லை. படையெடுத்துப் போகிறவனுக்கு மட்டும் எல்லாம் சுளுவாக நடக்கும். டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறவன்தான் மாட்டிக்கொள்வான்.

தனுஷ்கோடிக்கு முன்னால் போட் மெயிலுக்குத் தூத்துக்குடிதான் கதி. 1876ல் அங்கே ரயில் வந்தது. மதராஸிலிருந்து ராவும் பகலுமாக உட்கார்ந்து வந்து இறங்கினால், எதிரே கடல் இருக்கும், கப்பல் இருக்காது. தூத்துக்குடிக் கடற்கரை அவ்வளவு ஆழமில்லாதது. கப்பல் பல மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சின்னப் படகில் ஏறி, அலையில் தூக்கித் தூக்கிப் போடப்பட்டு, சாப்பிட்டதைப் பாதி வழியில் கடலுக்குக் காணிக்கையாக்கி, கப்பலைத் தொடவேண்டும். அதன் பிறகு இரவு முழுக்கக் கொழும்புப் பயணம்.

இந்த வழியில் வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனி கொழுத்துக்கொண்டிருந்தபோதுதான், 1906ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்தன. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. சுதேசிக் கம்பெனியும் குறைத்தது. இவன் குறைக்க, அவன் குறைக்க, கடைசியில் வெள்ளைக்காரன் சும்மாவே ஏறிக்கொள்ளச் சொல்லி, ஏறியவனுக்கு ஒரு குடையும் கொடுத்தான் என்று சொல்வார்கள். எல்லை தாண்டிப் போகிற பயணிக்கு அதிகார வர்க்கம் தன் கையால் ஒரு பொருளைக் கொடுத்தது சரித்திரத்தில் அந்த ஒரு தடவைதான். மற்ற நேரமெல்லாம் பெட்டியைத் திறந்து எடுத்துக்கொண்டதுதான் வழக்கம். குடையை வாங்கியவர்களைப் பற்றி தேசபக்தர்கள் கோபமாகப் பேசுவார்கள். எனக்குக் கோபமில்லை. ஆனால் வ.உ.சி. செக்கிழுத்தபோது அந்தக் குடைகள் எங்கே இருந்தன என்று கேட்கத் தோன்றுகிறது. 1908ல் அவரை உள்ளே தள்ளினார்கள். 1911ல் கம்பெனியே முடிந்தது. அதே 1911 ஜூனில், அந்தக் கம்பெனியை ஒழிப்பதில் முன்னால் நின்ற ஆஷ் துரை மணியாச்சி ஜங்ஷனில் முதல் வகுப்புப் பெட்டியில் காத்திருந்தார். எதற்கு? தூத்துக்குடியிலிருந்து வரவேண்டிய போட் மெயிலுக்குத்தான். வாஞ்சிநாதனின் துப்பாக்கி முந்திக்கொண்டது.

அதற்குள் தென்னிந்திய ரயில்வேக்கு ஒரு ஞானோதயம் வந்திருந்தது. இரவு முழுக்கக் கப்பலில் ஆட்டிக்கொண்டு போவானேன்? ராமேஸ்வரம் தீவுக்குப் பாலம் போட்டுவிட்டால், அதன் மூக்கு நுனியில் இருக்கிற தனுஷ்கோடியிலிருந்து இலங்கை கைக்கு எட்டும் தூரம்தானே? எட்டும்தான். இன்னும் கொஞ்சம் ஆசைப்பட்டு, ராமர் பாலத்து மணல் திட்டுகள் மேலேயே தண்டவாளம் போட்டுத் தலைமன்னார் வரை நேராக ரயில் விட்டால் என்ன என்று இன்ஜினியர்கள் கணக்குப் போட்டுத் திட்டமும் தீட்டினார்கள். திட்டம் நன்றாகத்தான் இருந்தது. செலவைப் பார்த்தவர்கள்தான் கப்பலே போதும் என்று முடிவுகட்டினார்கள்.

போட்டிருந்தாலும் ரயில் நேராகப் போயிருக்காது என்பது இதில் உள்ள தமாஷ். ஏன் என்று கேட்டால் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். தென்னாட்டில் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு 1861, 62 வாக்கில் முதலில் போட்டது அகலப் பாதைதான். ஐந்தரை அடி. பதினைந்து வருஷம்போல ஓட்டிப் பார்த்துவிட்டு, செலவு மிச்சம் என்று அதைப் பெயர்த்து மீட்டர் கேஜாகக் குறுக்கினார்கள். சிலோனில் அதே வெள்ளைக்காரன் அதே ஐந்தரை அடியைப் போட்டு, குறுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டான். ஆக, குமரி முதல் இமயம் வரை நீண்டு கிடக்கிற தேசத்தின் தென்முனையில் ஒடிசல் பாதை. ஒரே நாளில் சுற்றிவந்துவிடலாம்போல இருக்கிற தீவில் அகலப் பாதை. இரண்டையும் போட்டவன் ஒரே ராணியின் குடிமகன். ஒருவருக்கொருவர் ஒரு கடிதாசி எழுதிக் கேட்டிருக்கலாம்.

கேட்டிருக்கமாட்டார்கள். இந்தியாவை லண்டனில் இந்தியா ஆபீஸ் ஆண்டது. சிலோனைக் குடியேற்ற நாட்டு ஆபீஸ் ஆண்டது. மாமியார் ஒன்றென்றாலும் ஓரகத்திகள் பேசிக்கொள்ளாத வீடு. பணமும் அப்படித்தான். இரண்டு பக்கமும் ரூபாய் என்றுதான் பெயர். சிலோன் 1872லேயே ரூபாயை நூறு சதமாக்கிக்கொண்டு நிம்மதியாக இருந்தது. இந்தியா 1957 வரை பதினாறு அணாவையும் பைசாவையும் விட்டுக்கொடுக்கவில்லை. தனுஷ்கோடியில் அணா கொடுத்துக் காப்பி குடித்தவன், தலைமன்னாரில் சதக் கணக்கில் மாட்டிக்கொண்டு முழிப்பான். சில்லறை மாற்றிக்கொடுக்கிறவன் முழிக்கமாட்டான்.

சரி, பாம்பனில் பாலம் வந்தது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளம். நடுவில் கப்பல் போக வழிவிட்டு இரண்டாகத் தூக்கிக்கொள்கிற ஷெர்சர் தூக்கு. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கையால் சுற்றித்தான் அதைத் திறக்கவேண்டும். 1914 பிப்ரவரி 24ஆம் தேதி திறப்பு விழா. அந்தப் பக்கம் மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரை சிலோன் ரயில்வே தன் பாதையை நீட்டி வைத்திருந்தது. நடுவில் ஓட மூன்று நீராவிக் கப்பல்கள். பெயர்கள் கர்சன், எல்ஜின், ஹார்டிங். மூன்றும் வைசிராய்களின் பெயர். கர்சன் பிரபு வங்காளத்தை இரண்டாக வெட்டியவர். ஹார்டிங் காலத்தில் அதைத் திரும்ப ஒட்டினார்கள். இங்கே பாக் நீரிணையில் இரண்டு பேரும் முறை வைத்துக்கொண்டு மூன்றாம் வகுப்பு ஜனங்களையும் மூட்டை முடிச்சுகளையும் சுமந்தார்கள். "கர்சன் கிளம்பியாச்சா?" "இல்ல சாமி, கரி அள்ளிப் போட்டுக்கிட்டிருக்காங்க." ஒரு வைசிராயைப் பற்றித் தமிழன் இவ்வளவு சகஜமாகப் பேச வாய்த்தது வேறு எங்கும் இருக்காது.

இதுவரை ரயிலும் கப்பலும். இனிமேல்தான் பயணிகள்.

மேல்வகுப்பில் போன துரைமாரும் வக்கீல்களும் வியாபாரிகளும் இந்தக் கதையில் பெரிய பாத்திரங்கள் இல்லை. அவர்கள் படுத்துத் தூங்கினார்கள், கப்பல் மேல்தட்டில் காற்று வாங்கினார்கள், கொழும்பில் இறங்கினார்கள். இந்தச் சேவையே யாரை நம்பி நடந்ததோ அவர்கள் மூன்றாம் வகுப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்து ஜனங்கள். மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகிறவர்கள். கூடவே ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிற கங்காணி. கழுத்தில் ஒரு தகர வில்லை.

அந்த வில்லை வெள்ளைக்கார மூளையின் அசாத்தியமான கண்டுபிடிப்பு. 1900களின் தொடக்கத்தில் வந்தது. தோட்டத்தின் எண் பொறித்த தகரத்தைத் தொழிலாளியின் கழுத்தில் மாட்டிவிட்டால் போதும். ரயில்காரன், கப்பல்காரன், கேம்ப்காரன் யாரும் ஒரு கேள்வியும் கேட்காமல் அடுத்தடுத்த கைக்கு அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். கட்டணம் தோட்டத்தின் கணக்கில் ஏறும். தோட்டத்தின் கணக்கிலிருந்து அது தொழிலாளியின் கடனில் இறங்கும். தபால் பார்சலுக்கும் இதே ஏற்பாடுதான். ஒரே வித்தியாசம், அஞ்சல் செலவைப் பார்சலே வேலை செய்து அடைக்கவேண்டும். அதற்கு முன்னால் இதே ஜனங்கள் மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்து, காலராவிலும் காய்ச்சலிலும் வழியெல்லாம் செத்து விழுந்தார்கள். தகரம் அதைவிட மேல்தான். இப்படிச் சொல்லித்தான் அன்றைக்கும் அவர்களைச் சமாதானப்படுத்தியிருப்பார்கள்.

பாலத்துக்கு இந்தப் பக்கம், மண்டபத்தில் ரயில் நிற்கும். மேல்வகுப்புக்கு அது ஒரு ஸ்டேஷன். தகர வில்லைக்கு அது கேம்ப். சிலோன் சர்க்கார் இந்திய மண்ணில் இடம் பிடித்து, தன் அதிகாரிகளை உட்காரவைத்து நடத்திய தொற்றுநோய்த் தடுப்பு முகாம். வெளிநாட்டு எல்லை எங்கே தொடங்குகிறது என்று பள்ளிக்கூட வரைபடத்தில் தேடாதீர்கள். ஏழைக்கு அது மண்டபத்திலேயே தொடங்கிவிட்டது. கடலைத் தாண்டுவதற்கு முன்னாலேயே அவன் சிலோன் அதிகாரியின் கையில். குளிக்கவைப்பார்கள். துணியை வாங்கி ஆவியில் வேகவைப்பார்கள். அம்மை குத்துவார்கள். குடற்புழுவுக்கு மருந்து கொடுப்பார்கள். நேரத்துக்குச் சோறும் போடுவார்கள். ஐந்தாறு நாள் நோய் ஒன்றும் வெளியே தெரியவில்லை என்றால் கப்பலுக்கு அனுப்புவார்கள். நளன் பாலம் கட்டி முடித்த அதே ஐந்து நாள், இங்கே ஒரு ஆள் காய்ச்சல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்த கணக்கு. நளனுடைய வானரங்களுக்கு யாரும் அம்மை குத்தவில்லை என்பதை மறந்துவிடக்கூடாது.

இத்தனை கெடுபிடிக்கும் பிளேக் பயம் ஒரு காரணம். 1896ல் பம்பாயில் பிளேக் வந்ததிலிருந்து சிலோனுக்குத் தூக்கம் இல்லை. மண்டபத்துக்கு முன்னால் தூத்துக்குடி அருகே தட்டப்பாறையில் இதே வைபவத்தை நடத்திக்கொண்டிருந்தார்கள். தொழிலாளியைக் குளிப்பாட்டி, அவித்து, எண்ணி, நோய் இல்லை என்று முத்திரை குத்தி அனுப்பினார்கள். அப்படியும் பிளேக் கொழும்புக்கு வந்தது. 1914 ஜனவரியில், பாம்பன் பாலம் திறப்பதற்கு ஒரு மாதம் முன்னால். எப்படி வந்தது? தொழிலாளியோடு இல்லை. அரிசி மூட்டைகளோடு கப்பலில் நேராகக் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிய எலிகளோடு வந்ததாகத்தான் கருதினார்கள். எலிக்குக் கழுத்தில் தகரம் இல்லை, கங்காணி இல்லை, தட்டப்பாறை இல்லை. மேல்வகுப்புப் பயணியைப் போல நேராகப் போய்விட்டது.

தொழிலாளர்களை இந்தியா அனுப்பியது 1939 வரை. அந்த ஆகஸ்டில் இனிக் கூலிக்கு ஆள் போகக்கூடாது என்று இந்திய சர்க்கார் தடை போட்டது. யுத்தம் வந்து போயிற்று. இரண்டு தேசத்துக்கும் சுதந்திரம் வந்தது. சுதந்திரத்தோடு பாஸ்போர்ட்டும் வந்தது. 1949 நவம்பர் முதல் தேதியிலிருந்து சிலோனின் குடிவரவுச் சட்டம் அமலானது. அதுவரை கொழும்பில் கடை வைத்திருந்தவர் தீபாவளிக்கு ஊருக்கு வந்து, பொங்கல் வரை இருந்து, நினைத்தபோது திரும்பிப் போவார். இனி அவர் நினைத்தால் போதாது. விசா கொடுக்கிறவரும் நினைக்கவேண்டும். வெள்ளைக்காரன் ஏழையிடம் மட்டும் நோய் இருக்கிறதா என்று பார்த்தான். சுதந்திர அரசுகள் அந்தப் பாகுபாட்டை ஒழித்தன. எல்லாரிடமும் காகிதம் கேட்டன. சமத்துவம் வந்த விதம் இப்படி.

சுங்கக்காரர்களுக்கும் இதன் பிறகுதான் பொற்காலம். தனுஷ்கோடியில் ஒரு தடவை பெட்டியைத் திறக்கவேண்டும், தலைமன்னாரில் இன்னொரு தடவை. அக்காள் மகளுக்கு வாங்கிய சேலை சொந்த உபயோகமா, வியாபாரமா? அதைக் கட்டிக்கொண்டு வந்தால் உபயோகம், மடித்து வைத்திருந்தால் வியாபாரம். ஆகவே இரண்டு மூன்று சேலையை ஒன்றன் மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டு ஒரு அம்மாள் கடற்கரை வெயிலில் வரிசையில் நின்றால், வேர்வைக்குக் காரணம் வெயில் என்றுதான் அதிகாரி எழுதிக்கொள்ளவேண்டும்.

இந்த ரயிலில் சாமான் சோதனை சுங்கச் சாவடி வரை காத்திருக்காத சமயமும் உண்டு. 1952 ஆகஸ்டில் எழும்பூரில் யாரோ மூன்றாம் வகுப்பில் ஒரு டிரங்குப் பெட்டியை ஏற்றிவிட்டு இறங்கிப் போய்விட்டார்கள். மானாமதுரை வருவதற்குள் நாற்றம் தாங்கவில்லை. போலீஸ் திறந்து பார்த்தால், தலையில்லாத ஒரு ஆண் உடல். தலை பிற்பாடு ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. தமிழ்நாடே மாசக்கணக்கில் வேறு பேச்சுப் பேசவில்லை. சேலைகளை எண்ணத் தெரிந்த ரயிலில் சொந்தக்காரன் இல்லாத பெட்டி மானாமதுரை வரை சுகமாகவே வந்திருக்கிறது.

1964 அக்டோபர் 30ஆம் தேதி இரண்டு தேசத்துப் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒரு கையெழுத்துப் போட்டார்கள். மலையகத்தில் நாடற்றவர்களாக நின்ற ஒன்பதே முக்கால் லட்சம் பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் சிலோனுக்கு, மீதி 1,50,000 பேர் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று. சம்பந்தப்பட்டவர்களிடம் யாரும் எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. பார்சலிடம் விலாசம் கேட்கிற பழக்கம் தொடக்கத்திலிருந்தே கிடையாதே. இவர்களை ஏற்றிவரப் போட் மெயிலுக்கும் கப்பலுக்கும் பல வருஷத்துக்கு வேலை காத்திருந்தது.

எட்டு வாரம்கூட ஆகவில்லை. டிசம்பர் 22ஆம் தேதி இரவு புயல் வந்தது. பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் வண்டி தனுஷ்கோடிக்குள் நுழையும் முன்பே கடல் அதை எடுத்துக்கொண்டது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள், ஒருவரும் தப்பவில்லை. ஸ்டேஷன், கப்பல்துறை, சுங்க ஆபீஸ், ஊர் எல்லாம் போயின. இதில் நக்கலடிக்க ஒன்றுமில்லை.

பாம்பன் பாலத்தின் இரும்புத் தூலங்களையும் கடல் உருவிப் போட்டிருந்தது. சரிசெய்ய ஆறு மாதம் ஆகும் என்றது ரயில்வே. ஸ்ரீதரன் என்ற இளம் இன்ஜினியர் 46 நாளில் முடித்தார். பாலம் பிழைத்தது. தனுஷ்கோடி பிழைக்கவில்லை. ரயில் ராமேஸ்வரத்தோடு நின்றது. கப்பலும் அங்கிருந்தே புறப்பட்டது. கப்பலின் பெயர் ராமானுஜம். வைசிராய்கள் ஓய்வுபெற்று ஆசாரியர் பொறுப்பேற்ற காலம். அவர் ஏற்றிவந்தது தாயகம் திரும்புவோர் என்று சர்க்கார் பெயர் வைத்த மலையக ஜனங்களை. பெரும்பாலோர் அந்தத் தாயகத்தைப் பார்த்ததே இல்லை. இறங்கியவர்களைக் கொண்டுபோய்த் தங்கவைத்த இடம் எது தெரியுமா? மண்டபம் கேம்ப். தாத்தாவுக்கு அம்மை குத்தி அனுப்பிய அதே இடம். 1983க்குப் பிறகு அகதிகளும் அங்கேதான் வந்தார்கள். ராமானுஜம் நின்றுபோனது. 1990ல் சண்டை முற்றித் தலைமன்னார் ரயிலும் நின்றது. மண்டபம் மட்டும் நிற்கவே இல்லை.

அதன் பிறகு நடந்ததுதான் உச்சம். 2007ல் ராமேஸ்வரம் பாதையை அகலமாக்கினார்கள். ஐந்தரை அடி. 1870களில் குறுக்கியதை ஒருவழியாக விரித்தாயிற்று. 2015ல் தலைமன்னார் பாதையை இந்தியக் கம்பெனியே புதிதாகப் போட்டுக் கொடுத்து, இந்தியப் பிரதமரே போய்க் கொடி அசைத்தார். 2025ல் பாம்பனில் நேராக மேலே தூக்கிக்கொள்கிற புதுப் பாலம் வந்தது, மோட்டார் வைத்து. இரண்டு கரையிலும் ஒரே அகலம், ஒரே பளபளப்பு. கப்பல் இருந்தபோது கேஜ் ஒத்துவரவில்லை. கேஜ் ஒத்துவந்தபோது கப்பல் இல்லை. எழும்பூரிலிருந்து கிளம்புகிற ராமேஸ்வரம் வண்டிக்கு இன்னும் போட் மெயில் என்றுதான் பெயர். போட்டைப் பற்றி டிக்கெட் பரிசோதகரிடம் கேட்டால், மேல் பெர்த் காலியில்லை என்பார்.

கப்பலுக்கு ஆசை போய்விடவில்லை. 2023 அக்டோபர் 14ஆம் தேதி நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் செரியபாணி என்ற கப்பலைக் கோலாகலமாக அனுப்பிவைத்தார்கள். விசா, சுங்கம், குடிவரவு, சாமான் எடைக் கட்டுப்பாடு என்று ஒரு குறையும் இல்லை. ஒரே வாரத்தில் சேவையை நிறுத்திவிட்டார்கள். வடகிழக்குப் பருவமழையாம். அக்டோபரில், நாகப்பட்டினத்தில், மழை வரும் என்று யார் எதிர்பார்த்தார்கள்?